கோடிட்ட இடங்களை நிரப்புக

ரிஷிகேசத்தில் அச்சாகி, தபாலில் ஊர் ஊராகப் போன தாள் ஒன்று உண்டு. பார்க்கப் பள்ளிக்கூடத் தேர்வுத்தாள் மாதிரி, வரிக்கு வரி கோடிட்ட இடம். தினமும் இத்தனை நிமிடம் ஆசனமும் பிராணாயாமமும் செய்வேன் என்று ஒரு வரி. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. இத்தனை மாலை ஜபம், அங்கும் கோடு. தினமும் இத்தனை நிமிடம் மௌனம், ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனை மணி நேரம், இரண்டு கோடு. இரவுச் சாப்பாட்டை விட்டுப் பாலும் பழமும் மட்டும் எடுப்பது வாரத்துக்கு ஒரு தடவையா, பதினைந்து நாளைக்கு ஒரு தடவையா, மாதத்துக்கு ஒரு தடவையா? வேண்டாததை அடித்துவிடலாம். புகை, சீட்டாட்டம், சினிமா, நாவல் என்று சில பழக்கங்களைப் பெயர் சொல்லியே கேட்கிறது. அங்கேயும் அடியோடு விட்டுவிடு என்று சொல்லவில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போகமாட்டாய் என்றுதான் கேட்கிறது.

கூடவே ஒரு குறிப்பு. இதை இரண்டு படி எழுதி இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று உன்னிடம் இருக்கட்டும், மற்றதைக் குருவுக்கு அனுப்பிவிடு. அப்போதுதான் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவ மனம் வராது.

சுவாமி சிவானந்தர் தம் மாணவர்களுக்குத் தந்த உறுதிப் படிவம் அது. இன்று புத்தாண்டு நெருங்கினால் யோக வகுப்புகளில், “இந்த ஆண்டுக்கு உங்கள் சங்கல்பம் என்ன?” என்று கேட்கிறார்கள். சென்னையில் கேட்கிறார்கள், கலிஃபோர்னியாவிலும் கேட்கிறார்கள். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த வழக்கம் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் வேள்விச்சாலை வருகிறது, உபநிடதம் வருகிறது, கீதை வருகிறது. அவ்வளவையும் கடந்து இந்தத் தாளில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் மிகப் பிடித்த இடமும் இதுதான்.

முதலில் வேள்விச்சாலை.

சின்ன வயதில் ஒரு கிரகப்பிரவேசத்தில் புரோகிதர் சங்கல்பம் சொல்லக் கேட்டது நினைவிருக்கிறது. அர்த்தம் தெரியாது. ஆனால் நடுவில் பாரதம் என்பது காதில் விழுந்தது, பிறகு அந்த வருஷத்தின் பெயர், பிறகு மாதம், பிறகு கிழமை. இது ஒரு விலாசம் என்று அப்போதே பிடிபட்டது. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர், தெரு, ஊர், மாவட்டம், இந்தியா, ஆசியா, உலகம், பிரபஞ்சம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். புரோகிதர் அதையே தலைகீழாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சங்கல்பத்தின் அமைப்பு உண்மையிலேயே அப்படித்தான். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, அதில் சுவேத வராக கல்பம், அதில் வைவஸ்வத மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாவது கலியுகம், அதன் முதல் பாதம் என்று காலம் இறங்கி வரும். ஜம்பூத்வீபம், பாரத வர்ஷம், மேருவுக்குத் தெற்கே என்று இடம் இறங்கி வரும். பிரபவ முதலான அறுபதில் இந்த ஆண்டின் பெயர், உத்தராயணமா தட்சிணாயணமா, பருவம், மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். இவ்வளவும் முடிந்த பிறகுதான், செய்யப்போகும் காரியத்தின் பெயர். கோடானுகோடி ஆண்டுகளில் தொடங்கி, இந்த வெள்ளிக்கிழமை, இந்தக் கூடம், இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கும் நான் என்று வந்து நிற்கும்.

அதைச் சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் ஆசமனம், பிறகு பிராணாயாமம். மூச்சை ஒழுங்குபடுத்திய பிறகே வாய் திறக்கலாம். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வலது தொடையில் வைத்து, அதன்மேல் வலது கையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். கடைசிச் சொல் ‘கரிஷ்யே’. செய்வேன் என்று பொருள். சமஸ்கிருதத்தில் ‘கரிஷ்யாமி’ என்றாலும் செய்வேன்தான். செயலின் பலன் செய்பவனுக்கே சேருமானால் முதல் வடிவம், அடுத்தவருக்குச் சேருமானால் இரண்டாவது. பாணினி வகுத்த வேறுபாடு இது. வீட்டுக்காரர் தமக்காகச் செய்யும்போது கரிஷ்யே என்கிறார், அவருக்காகப் புரோகிதர் செய்யும்போது கரிஷ்யாமி என்கிறார். யாருக்காகச் செய்கிறாய் என்பதை வினைமுற்றிலேயே ஒப்புக்கொள்ள வைத்த சடங்கு அது. ஒரு வாக்குறுதியின் இலக்கணத்தை இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

சொல்லின் பிறப்பும் அதற்கு ஏற்றதுதான். ‘க்லுப்’ என்ற வேருக்குப் பொருந்துவது, ஒழுங்காக அமைவது என்று பொருள். அதனோடு ‘சம்’ சேர்ந்தால் நன்றாகப் பொருந்த அமைப்பது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சனத்குமாரர் நாரதருக்கு ஒன்றைவிட ஒன்று பெரியது என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போவார். பெயரைவிட வாக்கு பெரிது, வாக்கைவிட மனம் பெரிது, மனத்தைவிடச் சங்கல்பம் பெரிது. சுக்ல யஜுர் வேதத்தின் முப்பத்து நான்காம் அத்தியாயத் தொடக்கத்தில் ஆறு மந்திரங்கள், விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் தொலைதூரம் அலையும் இந்த மனம் நல்ல சங்கல்பம் உடையதாக ஆகட்டும் என்று வேண்டுகின்றன. சிவசங்கல்ப சூக்தம் என்று பெயர். நல்ல சாரதி குதிரைகளை நடத்துவதுபோல் மனம் மனிதர்களை நடத்துகிறது என்ற உவமை அதில் வருகிறது.

இதுவரை வழி நேராக இருக்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்துக்கு வந்தால் முட்டிக்கொள்கிறது. சங்கல்பத்தைத் துறக்காத எவனும் யோகி ஆவதில்லை என்று கண்ணன் சொல்கிறான். ஒரு தடவை சொல்லி விட்டுவிடவும் இல்லை. எல்லாச் சங்கல்பங்களையும் விட்டவனே யோகத்தில் ஏறியவன் என்கிறான். ஆசைகள் சங்கல்பத்திலிருந்து பிறக்கின்றன, அவற்றை மிச்சமில்லாமல் விடு என்கிறான்.

யோகத்தின் பெயரால் புத்தாண்டுச் சங்கல்பம் எடுக்கச் சொல்பவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

சாங்கிய காரிகை மனத்தின் வேலை சங்கல்பம் என்கிறது. நிச்சயம் செய்வது புத்தியின் வேலை. மனம் ஒன்றைப் பார்க்கும், இது எனக்கு இப்படி ஆகும் என்று ஒரு சித்திரம் போடும். அந்தச் சித்திரத்தில் நாம் எப்போதும் அழகாக இருப்போம். பத்துக் கிலோ இளைத்திருப்போம், கோபமே வராது, விடியலில் எழுந்து மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருப்போம். கீதை விடச் சொல்வது இந்தச் சித்திரத்தை, பலனைப் பற்றி மனம் போடும் கோலத்தை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னதைச் செய்கிறேன் என்ற செயலுறுதியை அது தொடவே இல்லை. அர்ஜுனனும் கடைசி அத்தியாயத்தில் உன் சொற்படி செய்வேன் என்றுதானே எழுந்து நிற்கிறான்! சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஒன்றை எடுக்க வேண்டும், மற்றதை விட வேண்டும். எடுக்க வேண்டியது எது என்று சாதாரணக் குடும்பஸ்தனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதஞ்சலியிடம் உதவி கேட்கலாம். வியப்பான செய்தி, யோக சூத்திரத்தில் சங்கல்பம் என்ற சொல்லே கிடையாது. அவர் பேசுவது அப்யாசத்தையும் வைராக்கியத்தையும். அப்யாசம் எப்போது வேர் பிடிக்கும்? நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால். மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். மதிப்போடு என்ற மூன்றாவதை நம்மில் பலர் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரம்மச்சரியம், பொருள் சேர்க்காமை என்ற ஐந்து யமங்களையும் சொல்லிவிட்டு, இவை குலத்தாலும் இடத்தாலும் காலத்தாலும் சூழ்நிலையாலும் வரையறுக்கப்படாமல் இருந்தால் மகாவிரதம் என்கிறார். புரோகிதரின் சங்கல்பம் இடத்தையும் காலத்தையும் சொல்லாமல் தொடங்காது. பதஞ்சலியின் பெருவிரதமோ இடத்தையும் காலத்தையும் கடந்தால்தான் முழுமை அடையும். தொடங்குவதற்கு ஒரு தேதி வேண்டும், ஊறிய பிறகு தேதி உதிர்ந்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இப்படித்தான் புரிகிறது.

திருமூலர் இதை இன்னொரு கோணத்தில் பிடித்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் வருகிறது. பதஞ்சலிக்கு ஐந்தாக இருந்த இயமம் இவரிடம் பத்தாகிறது. பகுத்து உண்பதும் கள்ளை விலக்குவதும் சேர்கின்றன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வாக்கியத்தை அமைத்த விதம். கொல்லாதே, பொய் சொல்லாதே என்று கட்டளை போடவில்லை. கொல்லாதவன், பொய் கூறாதவன், பகுத்து உண்பவன் என்று ஓர் ஆளை வரைந்து காட்டி, இயமத்தின் நடுவே நிற்பவன் அவன் என்று முடிக்கிறார். செய்யப்போவதன் பட்டியலாக இல்லாமல், ஆகிவிட்ட மனிதனின் வர்ணனையாக இருக்கிறது. சங்கல்ப வாக்கியத்தை நிகழ்காலத்தில், ‘மாட்டேன்’ இல்லாமல் அமைத்துக்கொள்ளச் சொல்லும் இன்றைய யோக ஆசிரியர்கள் திருமூலரைப் படித்தால் மகிழ்ந்துபோவார்கள்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம்.

சிவானந்தர் 1887-ல் திருநெல்வேலிச் சீமையில், கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்தார். அப்பைய தீட்சிதர் வழி வந்த குடும்பம், இயற்பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909-ல் திருச்சியிலிருந்து ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். 1913-ல் கப்பலேறி மலாயா போனார். ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை. பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளர்களின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்தவர் 1923-ல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பி, 1924 ஜூன் 1 அன்று ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். காவி கட்டிய பிறகும் மருந்துப் பெட்டியைக் கைவிடவில்லை; லட்சுமண் ஜூலா பக்கம் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார்.

படிவத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த மருத்துவர் தெரிகிறார். உன் மனக்குறை என்ன, உன் வாழ்வின் இலட்சியம் என்ன என்று அது கேட்கவில்லை. எத்தனை நிமிடம், எத்தனை மாலை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்கிறது. வேளை, அளவு, எத்தனை நாள் என்று மருந்துச் சீட்டில் எழுதுவது போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம், அளவை நோயாளியே எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம்தான் முடியும் என்றால் ஐந்து.

இதற்குத் துணையாக இன்னொரு தாளும் உண்டு, ஆன்மிக நாட்குறிப்பு. மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எவ்வளவு நேரம் தியானம், கைம்மாறு கருதாத சேவை எவ்வளவு நேரம், தர்மம் எவ்வளவு, எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய், எத்தனை முறை கோபம் வந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை மணிக்குப் படுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே காய்ச்சல் அட்டவணை, அது நினைவுக்கு வருகிறது. கோபம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கேள்வி வைத்தியர்தான் கேட்பார். கோபப்படாதே என்று சொல்வது எளிது. நாற்பது நிமிடம் இருந்த கோபம் இந்த மாதம் பத்து நிமிடத்தில் இறங்குகிறது என்றால் குணம் தெரிகிறது என்று பொருள். பதஞ்சலியின் நியமங்களில் ஸ்வாத்யாயம் ஒன்று. சாஸ்திரம் ஓதுவது என்பது பழைய உரை, தன்னைத்தானே படிப்பது என்று பின்னாளில் விரித்தார்கள். அந்தப் படிப்புக்கு ஒரு பாடப்புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தவர் சிவானந்தர்.

அளவும் தேதியும் செய்பவன் பெயரும் இருக்கின்றன, சாட்சியாக இரண்டாம் படி இருக்கிறது. பலனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இந்தப் படிவம் நிரப்பினால் இன்னது கிடைக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கீதை விடச் சொன்ன சங்கல்பத்தை விட்டு, எடுக்கச் சொன்ன செயலை மட்டும் எடுத்த தாள். அந்தப் பழைய முடிச்சை இவ்வளவு அமைதியாக அவிழ்த்தவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை. பாஷ்யம் எழுதவில்லை, கோடு போட்டுக் கொடுத்தார்.

நானும் ஒரு முறை நிரப்பிப் பார்த்தேன். தியானம் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன். பொங்கலுக்குள் விட்டுப்போயிற்று. அடுத்த முறை பத்து என்று எழுதினேன். அது நின்றது. முதல் முறை எழுதியது என் மனம் போட்ட சித்திரம் என்பது அப்போதுதான் விளங்கியது.

சிவானந்தரின் ஆசிரமத்திலிருந்து சங்கல்பம் இரண்டு வழியாக வெளியே போயிற்று. ஒன்று, வெளிநாடு போன சீடர்கள். விஷ்ணுதேவானந்தர் 1957-ல் அமெரிக்கா போனார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் பிறந்த சச்சிதானந்தர் 1953-ல் இலங்கை போய்ப் பல ஆண்டுகள் தொண்டு செய்து, 1966-ல் நியூயார்க் சேர்ந்தார். 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் அவரே. இன்னொரு வழி, சீடர் சத்யானந்தர் யோகப் பள்ளி தொடங்கிய பீகாரின் முங்கேர்.

அல்மோராவில் 1923-ல் பிறந்த சத்யானந்தர் 1943-ல் சிவானந்தரிடம் வந்து சேர்ந்தார். ஒரு சமயம் சிறுவர்கள் வேதம் படிக்கும் பாடசாலைக்கு இரவுக் காவல். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு அயர்ந்து தூங்குவார். நான்கு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து ஓதத் தொடங்குவார்கள். அவர் காதில் எதுவும் விழாது. பின்னாளில் ஒரு விழாவில் அதே மந்திரங்களைப் பிள்ளைகள் ஓதியபோது, கற்காத அந்த மந்திரங்கள் தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று உணர்ந்து திகைத்தார். நீ தூங்கினாய், உன்னுள் இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தது என்று விளக்கினார்கள். அந்தத் திகைப்பிலிருந்து பிறந்தது யோக நித்ரா. இதைச் சொன்னவர் சத்யானந்தரே. உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் மந்திரத்தை வைக்கும் தாந்திரீக நியாசத்தை எடுத்து, மந்திரத்தை நீக்கி, கவனத்தை மட்டும் வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடல் முழுக்கச் சுற்றிவரச் செய்தார். 1976-ல் அதைப் புத்தகமாக்கினார்.

அதன் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, சவாசனத்தில் கிடப்பவர் தம் சங்கல்பத்தை மனத்துக்குள் மூன்று முறை சொல்ல வேண்டும். சின்ன வாக்கியமாக இருக்க வேண்டும், சொற்கள் மாறக் கூடாது, நிறைவேறும்வரை வேறொன்றுக்குத் தாவக் கூடாது. உழுது ஈரம் பிடித்த மண்ணில் போடும் விதை என்பது அவர் காட்டிய உவமை. குருநாதரின் தாளில் இருந்த அத்தனை கோடுகளும் சீடரிடம் ஒரே வாக்கியமாகச் சுருங்கின. தாள் விழித்திருக்கும் மனத்துக்கு, வாக்கியம் உறக்கத்தின் வாசலில் நிற்கும் மனத்துக்கு.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இந்த வாசலைச் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் எமில் குவே என்ற மருந்துக்கடைக்காரர், நாளுக்கு நாள் நலமடைகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைக் காலையில் எழுந்ததும் இரவில் தூங்குமுன்னும் இருபது முறை சொல்லச் சொன்னார். 1920-களில் அது உலகமெங்கும் பரவியது. ஜெர்மானிய மருத்துவர் யோஹானஸ் ஷுல்ட்ஸ் 1932-ல் வெளியிட்ட தளர்வுப் பயிற்சியில், உடல் முழுக்கத் தளர்ந்த நிலையில் சொல்லிக்கொள்ளும் உறுதிவாக்கியமும் ஓர் அங்கம். இன்றைய யோகத்தின் தளர்வுப் பயிற்சிகளில் மேற்கின் தளர்வு மருத்துவமும் கலந்திருக்கிறது என்று மார்க் சிங்கிள்டன் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்வதால் யோக நித்ராவின் மதிப்பு குறையாது. நதிக்கு ஒரே ஊற்று என்பது எங்குமே இல்லை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் மில்லர் யோக நித்ராவை எடுத்து, போரிலிருந்து திரும்பி உறக்கம் இழந்த சிப்பாய்களுக்குப் பயன்படும் முறையாக அமைத்தார். சங்கல்பத்துக்கு அவர் வைத்த பெயர், இதயத்தின் ஆழ்ந்த விருப்பம். 2011-ல் ராட் ஸ்ட்ரைக்கர், அறம் பொருள் இன்பம் வீடு நான்கையும் வைத்து, சங்கல்பத்தைக் கண்டெடுக்கும் வழியை ஒரு நூலாக எழுதினார். அந்த மண்ணில் ஜனவரி முதல் தேதியை ஒட்டி உறுதியெடுக்கும் வழக்கம் ஏற்கெனவே ஆழமாக இருந்தது. யோக சங்கல்பம் அங்கே போய் அதில் குடியேறியது.

ஜனவரி 1-க்கும் தனி வரலாறு இருக்கிறது. கி.மு. 153 முதல் ரோமாபுரியில் கான்சல்கள் என்ற ஆட்சித் தலைவர்கள் பதவியேற்ற நாள் அது. கோயில் குன்றேறி, வெள்ளை மாடுகளைப் பலியிட்டு, போன ஆண்டு நேர்ந்ததைச் செலுத்திவிட்டுப் புதிய நேர்த்தியை அறிவிப்பார்கள். பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதியது கிடையாது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1755-ல் நடத்திய உடன்படிக்கை ஆராதனை, பிற்பாடு மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டு வழிபாடாக நிலைத்தது. நம் ஊர்த் தேவாலயங்களில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையும், அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனமும் எத்தனையோ குடும்பங்களுக்கு உயிரானவை. ஆங்கில நாட்காட்டியோடு வந்த அந்த நாளில் இன்று நம் கோயில்களிலும் நடுராத்திரிக்கு வரிசை நிற்கிறது. கூடி நின்று, சாட்சி வைத்து, ஒரு நாளைக் குறித்துச் சொல்வது என்ற உணர்வு எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

ஆனால் தமிழ் மண்ணில் ஜனவரி 1 வரும் பருவத்தைப் பாருங்கள். அது மார்கழியின் நடுவில் வருகிறது.

திருப்பாவையை ஒரு சங்கல்பமாகப் படித்தால் அதன் முதல் இரண்டு பாசுரங்கள் வேறு வெளிச்சத்தில் தெரியும். ஆண்டாள் முதலில் மாதத்தைச் சொல்கிறாள், நிலவின் நிலையைச் சொல்கிறாள். யாரை அழைக்கிறாள், எந்த ஊர்ப் பெண்கள், யாரை முன்னிட்டு என்று சொல்கிறாள். புரோகிதர் சொல்லும் அதே விலாசம், ஆனால் தோழிகளைக் கூப்பிடும் தமிழில். இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் செயல்கள் வருகின்றன. விடியலில் நீராடுவது. நெய்யும் பாலும் தொடாதது. கண்ணுக்கு மையும் கூந்தலுக்குப் பூவும் இல்லை. கோள் சொல்வதில்லை. முடிந்த மட்டும் ஈவது. வைணவ உரைகாரர்கள் இதைச் செய்வன, தவிர்வன என்று பிரித்து விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இதில் ஒருமையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் உண்ணமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நாம் உண்ணமாட்டோம் என்கிறாள். ரிஷிகேசத்துக்குப் போன இரண்டாம் படியின் வேலையை இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள். ஒருத்தி எழுந்திருக்கவில்லை என்றால் மற்றவர்கள் வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள். பத்துப் பாசுரம் அதற்கே போகிறது!

இன்னொன்று, அந்த நோன்புக்கு ஒரு முடிவு உண்டு. ஆண்டு முழுவதற்கும் என்று வைத்துக்கொண்டால் எந்த உறுதியும் களைத்துவிடும். மார்கழி ஒரு மாதம்தான். ஜனவரி 1 விடியும்போது மார்கழி பதினாறோ பதினேழோ ஆகியிருக்கும். நோன்பு பாதியைத் தாண்டியிருக்கும். குளிர் பழகியிருக்கும். அலாரம் அடிக்குமுன் விழிப்பு வந்திருக்கும். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், மறுநாளும் எழுந்தால் போதும்.

பத்து நாள் போனால் கூடாரவல்லி. இரண்டாம் பாசுரத்தில் விலக்கிய பாலும் நெய்யும் இருபத்தேழாம் பாசுரத்தில் திரும்பி வரும் நாள். கோயிலில் அண்டா நிறைய அக்காரவடிசில் இறக்குவார்கள். தொன்னையில் வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் பிரகாரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். கையைத் தூக்கினால் நெய் முழங்கைக்கு இறங்கும்.